பத்து வரை எண்ணிய கை

நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது வெயில் உச்சியில் நின்றது. வலது கையைச் சால்வைக்குள் சுருட்டி, முறிந்த கையைத் தாங்குபவன் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். கையில் முறிவும் இல்லை, காயமும் இல்லை. ஒரு சின்னக் கொப்புளமாவது இருந்திருந்தால் அன்றைக்கு நான் யாழ்ப்பாணப் பட்டணத்தை விட்டு நடந்திருக்க மாட்டேன்.

பாலத்தின் நடுவில் நின்று முன்னும் பின்னும் பார்த்தேன். ஆள் இல்லை. தென்மேற்குச் சோளகக் காற்று கடல்நீரேரியைச் சுருக்கம் சுருக்கமாக மடித்துக்கொண்டிருந்தது. சால்வையை அவிழ்த்தேன். இரும்புக் கம்பியின் மேல் இடது கையின் புறத்தை வைத்தேன். சுரீரென்றது, எடுத்துவிட்டேன். அதே இடத்தில் வலது உள்ளங்கையை வைத்தேன். ஏதோ ஒன்றின் மேல் கை இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். பத்து வரை எண்ணினேன். இருபது வரை எண்ணினேன். பிறகு கையைச் சுருட்டிக்கொண்டு மறுபடியும் நடந்தேன்.

எங்கே போகிறேன் என்று தீர்மானித்திருக்கவில்லை. கண்டி வீதி கிழக்கே போனது, நானும் போனேன். சாவகச்சேரியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் போனால் கையைக் காட்டவேண்டும். காட்டினால் அவர்கள் ஒரு சொல்லைச் சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் கடிதம் எழுதி, ஆள் கூட்டி, ரயிலேற்றித் தெற்கே, விரல் கரைந்தவர்களை வைத்திருக்கும் அடைப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர் ஊர் திரும்பியதாக நான் கேள்விப்படவில்லை. எனக்கு வீடு என்று ஒன்று இல்லை. ஆனாலும் நினைத்த நேரம் நினைத்த வழியில் நடக்கலாம் என்ற ஒரு சொத்து இருந்தது. அதுவும் போய்விடும் என்று நினைத்தபோது கால் தானாக மெதுவாகியது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம் அது, ஆவணி மாதம். பட்டணத்து ஒழுங்கை ஒன்றில் இருந்த கார் கராச்சில் ஏழு கிழமை வேலை செய்திருந்தேன். என் கணக்கில் அது குறுகிய காலம் அல்ல. பாதிரிமார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பின் நடுவில் விட்டவன் நான். புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டினேன், விட்டேன். வல்வெட்டித்துறையில் பாய்க்கயிறு இழுத்தேன், கடல் ஒத்துவரவில்லை. அதன் பிறகு நாலு வருடம் சுண்ணாம்புச் சூளை. வெந்த கல்லைச் சூடு ஆறுமுன் கையால் பொறுக்கிக் குவிப்பது வேலை. முதல் மாதம் கொப்புளம் வந்தது, இரண்டாம் மாதம் புண் வந்தது, மூன்றாம் மாதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தோல் செருப்புத் தோல் போல் ஆகிவிட்டது. அதை ஒரு கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன். பெருவிரலுக்குக் கீழே நீற்றுச் சுண்ணாம்பு தெறித்த இடத்தில் கடலைப் பருப்பளவு வெள்ளையாக ஒரு தழும்பும் மிஞ்சியது.

கராச் முதலாளி கொழும்பில் வெள்ளைக்காரர் கார்களோடு பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டிவிட்டு வந்தவர். வரும்போது ஒரு பொலிஷ் மெசின் கொண்டுவந்தார். கொட்டிலின் மூலையில் மண்ணெண்ணெய் எஞ்சின் ஓடும். அதன் சுற்றும் சில்லில் இருந்து ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு நீளமான, வளையும் குழாய் ஒன்று வரும். குழாய்க்குள் ஒரு கம்பி சுழலும். முனையில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு தட்டு. தட்டில் மயிரோடு கூடிய செம்மறித் தோல் இறுக்கிக் கட்டியிருக்கும். காரின் மேல் பொலிஷ் பசையைத் தடவி, சுழலும் தோலை அதன் மேல் ஓட்டினால், மங்கிக் கிடந்த பூச்சில் முகம் தெரியும். யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு மெசின் வேறு இருந்ததாக நான் அறியேன். நாங்கள் அதைப் பாம்பு என்போம்.

"பாம்பைப் படுக்க விடாதை," என்று முதலாளி முதல் நாளே சொன்னார். "ஓடிக்கொண்டே இருக்கோணும். பெயின்ற் எண்டது மெழுகு மாதிரியடா. சூடேறினா இளகும். இளகினா மயிர் அதிலை ஒட்டி இழுத்துக்கொண்டு போகும். வரம்பு, விளிம்பு கண்டா விலகிப் போ. அங்கை பூச்சு மெல்லிசு, கெதியிலை சுடும்."

"சூடெண்டு எப்பிடித் தெரியும், முதலாளி?"

"கடவுள் உனக்கு உள்ளங்கை எதுக்குத் தந்தவர்? ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கையை வைச்சுப் பார். பத்து எண்ணுமட்டும் தாங்குதோ, மேலை ஓட்டு. தாங்கேல்லையோ, எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போ, அது ஆறட்டும். மூக்கையும் திறந்து வை. கற்பூரம் மாதிரி மணந்துதெண்டா அதுதான் பெயின்ற் உன்னைக் கடைசியாக் கூப்பிடுறது."

அங்கே பூச்சடிக்கும் அண்ணை ஒருவர் இருந்தார். மெலிந்தவர், எந்நேரமும் இருமல், எந்நேரமும் பகிடி. "தம்பி, நான் பத்து நாள் நெஞ்சடைக்க அடிச்ச பூச்சை நீ பத்து நிமிஷத்திலை உரிச்சுப்போடாதை. உரிக்கிறதெண்டா வெங்காயம் உரிக்கச் சுன்னாகத்துக்குப் போ," என்பார்.

ஏழு கிழமையில் பதினொரு காருக்குப் பொலிஷ் பிடித்தேன். ஒன்றிலும் பிழை வரவில்லை. கை தாங்கியதால் சூடு ஏறவில்லை என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், என்னைக் காப்பாற்றியது கை அல்ல, மூக்கு. மணம் இலேசாக எழும்போதே பாம்பைத் தூக்கிவிடுவேன். ஏன் தூக்குகிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது கார் ஒரு பெறக்கிராசியாருடையது. கோடேறி வழக்குப் பேசும் அந்த மனிதருக்கு மகளின் கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான். கறுப்பென்று சொல்லக்கூடிய நீலத்தில் புதிதாகப் பூச்சடித்து, வியாழன் பின்னேரம் வேப்பமர நிழலில் நிறுத்தியிருந்தோம். காகம் எஞ்சின் மூடியான பொனற்றின் நடுவில் எழும்பி ஓடும் வரம்பில் எச்சமிட்டுவிட்டது. காலையில் பார்த்தால் கழுவியும் போகாத ஒரு வெள்ளை வட்டம்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளி தோறும் எஞ்சினை இழுத்து ஓடவைக்கும் முன் முதலாளி அதற்குக் கற்பூரம் கொளுத்துவார். அன்றைக்குக் கலியாணக் கார் என்பதால் எஞ்சினுக்கு ஒரு தட்டு, காருக்கு ஒரு தட்டு, பாம்பின் முனைக்கும் ஒரு தட்டு என்று மூன்று தட்டிலும் குவித்துக் கொளுத்தினார். தகரக் கொட்டில் முழுதும் கோயில் மூலஸ்தானம் போல மணந்தது.

நான் பாம்பை எடுத்தேன். பக்கத் தகடுகளில் ஒரு பிழையும் இல்லை. பொனற்றில் அந்த வெள்ளை வட்டத்துக்கு வந்தேன். ஓட்டினேன், போகவில்லை. கையை வைத்துப் பத்து எண்ணினேன், தாங்கியது. மறுபடியும் ஓட்டினேன். வட்டம் பாதி போயிருந்தது. இன்னும் கொஞ்சம் என்று அந்த வரம்பின் மேலேயே பாம்பை நிறுத்தி அமர்த்தினேன். கற்பூரம் மணந்தது. வெள்ளிக்கிழமைதானே என்று இருந்துவிட்டேன்.

தோல் திடீரென்று பிடித்து இழுத்தது. பாம்பு கையில் துள்ளியது. எடுத்துப் பார்த்தேன். பால் ஆடை சுருங்குவதுபோல் பூச்சு சுருங்கி, ஒரு பக்கமாக இழுபட்டு, அதில் செம்மறி மயிர் ஒட்டியிருந்தது. வரம்பில் அடிப்பூச்சின் செம்மண் நிறம் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தெரிந்தது.

முதலாளி எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார். குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். பூச்சு அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

"கை வைச்சுப் பாத்தனியோ?" என்றார் முதலாளி.

"ஓம் முதலாளி. ஒவ்வொரு தடவையும் வைச்சனான். பத்து எண்ணினனான்."

"பொய் சொல்லாதை."

"பொய்யில்லை. இப்பவும் தாங்குது."

அவர் அந்த இடத்துக்குப் பக்கத்தில் விரல்களை வைத்தார். "ஐயோ!" என்று உதறிக்கொண்டு பின்னால் போனார். விரல் நுனியை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உதிலையோ பத்து எண்ணினனி?"

நான் பொய்யன் இல்லை என்று காட்டவேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது. "இஞ்சை பாருங்கோ," என்று வலது கையை அதே இடத்தில் பதித்து உரக்க எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு சொல்லும்போது பூச்சு அண்ணை தலையை நிமிர்த்தி என் கையைப் பார்ப்பதைக் கவனித்தேன். பத்து என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பூச்சு அண்ணை எழுந்து வந்தார். சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார்.

"கண்ணை மூடு, தம்பி."

மூடினேன்.

"எங்கை குத்தினனான், சொல்லு பாப்பம்."

"குத்திப் போட்டியளோ?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தபோது ஊசி என் உள்ளங்கையின் நடுவில் நின்றது. அவர் அதை எடுக்காமலேயே இரண்டு அடி விலகி நின்றார். ஊசியை நானே பிடுங்கினேன்.

"பெருவிரலுக்குக் கீழை அந்த வெள்ளை எப்ப வந்தது?"

"சூளையிலை சுண்ணாம்பு பட்டது, அண்ணை."

"சுண்ணாம்பு பட்டதெண்டு ஆர் சொன்னது?"

நான்தான் சொன்னேன். என்னைத் தவிர வேறு ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

முதலாளி அதன் பிறகு காரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஏசியிருந்தால், கைநீட்டி அடித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கலியாணக் காரின் பொனற்றை எரித்தவனை ஏசாமல் விடுகிறார்கள் என்றால் அவன் ஏச்சுக்கும் ஆளில்லாதவன் ஆகிவிட்டான்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்தது. எல்லோருக்கும் வழக்கமான குவளையில், மூக்குப்பேணியில் வந்தது. எனக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, நான் நின்ற இடத்துக்கு எட்டத்தில் நிலத்தில் வைத்தார் பூச்சு அண்ணை. எங்கள் பக்கத்தில், தீண்டக்கூடாது என்று தள்ளி வைத்தவர்களுக்குத்தான் சிரட்டையில் கொடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏழு கிழமை நானும் அந்தப் பேணியில்தான் குடித்தேன்.

"பேணி எங்கை, அண்ணை?"

"இண்டைக்கு இதிலை குடி," என்றார். அன்று அவரிடம் பகிடி இருக்கவில்லை.

தாகமாக இருந்தது. குடித்தேன். சிரட்டையை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டுச் சால்வையை எடுத்தேன். "போட்டு வாறன், முதலாளி," என்றேன். அதற்கு யாரும் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி "போய் வா" என்பது. அவர் அதைச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு," என்று எஞ்சினைப் பார்த்துச் சொன்னார்.

கைதடியில் ஒரு கிணற்றடியில் நின்றேன். கயிற்றைப் பிடிக்க மனம் வரவில்லை. தண்ணீர் அள்ள வந்த ஒருவரிடம் ஊற்றச் சொல்லி இரண்டு கையையும் ஏந்திக் குடித்தேன். "கயித்தைப் பிடிச்சு அள்ளினா கை தேஞ்சு போமோ?" என்று அவர் ஊற்றிக்கொண்டே ஏசினார். அந்த ஏச்சு எனக்கு ஆறுதலாக இருந்தது.

மிச்ச வழி முழுதும் ஒரே ஒரு மனிதனை நினைத்துக்கொண்டு நடந்தேன். முன்பு ஒரு தேர்த் திருவிழாவில், வீதியின் கடைசியில், விரல்கள் கரைந்துபோன அவனைக் கண்டிருந்தேன். அன்னதானச் சோற்றை யாரோ சுடச்சுட அவனுடைய தகரத்தில் போட்டார்கள். அவன் தகரத்தின் அடியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். கருகும் மணம் வந்த பிறகுதான் பக்கத்தில் நின்றவர்கள் கத்தினார்கள். அவனுக்குத் தெரியவில்லை. நானும் அன்று காலை சிரித்துக்கொண்டுதான் பத்து எண்ணினேன்.

சாவகச்சேரிக்கு வந்தபோது சந்தை கலைந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். உள்ளே வெள்ளைச் சுவர் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன். சந்தைக்குப் பின்னால், தேத்தண்ணிக் கடைக்கு அருகில், மரத்தடியில் சவரம் செய்பவர் ஒருவர் சும்மா இருந்து கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். காதில் ஒரு பாதிச் சுருட்டு.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை," என்றார் என்னைக் கண்டதும். "வெள்ளியிலை மயிர் வெட்டினா வீட்டிலை இருக்கிற லட்சுமி வெளிக்கிட்டுப் போவாவாம். உனக்கு வீடு இருக்கோ?"

"இல்லை, அண்ணை."

"அப்ப இரு. போறதுக்கு ஒண்டுமில்லை. தாடியோ, தலையோ?"

"கை."

"கையிலை தாடி முளைச்சவனை இண்டைக்குத்தான் காணுறன்."

சால்வையை அவிழ்த்து உள்ளங்கையைக் காட்டினேன். பாதிச் சிரிப்போடு குனிந்து பார்த்தார். "சூளையோ?"

"நாலு வருஷம்."

"பிறகென்ன. சூளைக்காரன்ரை கை உப்பிடித்தானே இருக்கும்."

"சூடு தெரியேல்லை, அண்ணை. ஊசி குத்தினாலும் தெரியேல்லை."

அவர் இருந்த பலகையைச் சாண் அளவு பின்னால் இழுத்துக்கொண்டார். "அந்த வருத்தமெண்டு ஆரும் சொன்னவையோ?"

"வாயாலை சொல்லேல்லை. சிரட்டையிலை தேத்தண்ணி தந்தவை."

"அப்ப ஆஸ்பத்திரி அங்காலை. இஞ்சை ஏன் வந்தனி?"

"அங்கை போனா திரும்பி விடமாட்டினம். இந்தத் தோலைச் சீவிப் பாருங்கோ, அண்ணை. உள்ளுக்கை உயிர் இருக்கோ எண்டு பாக்கோணும். அதுக்குப் பிறகு நான் அங்கை போறன்."

அவர் சுருட்டைக் காதிலிருந்து எடுத்துப் பற்றவைக்காமல் வாயில் வைத்தார். சந்தைப் பக்கம் பார்த்தார். "என்ரை கத்தி ஊரிலை இருக்கிற எல்லாற்றை கன்னத்திலையும் போறது," என்றார். அது உண்மைதான். நான் எழுந்தேன்.

"இரு, இரு. உந்தக் கையோடை சந்தைக்குள்ளை திரியிறதைவிடப் பாத்து அனுப்பிறது நல்லது. பழைய கத்தி ஒண்டு கிடக்குது, பிறகு எறிஞ்சுபோடுறன். கண்ணை மூடு."

ஒரே நாளில் இரண்டாவது தடவையாகக் கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினேன். சவர்க்காரம் பூசும் தூரிகையின் மயிர் மணிக்கட்டில் பட்டது.

"எங்கை?"

"மணிக்கட்டிலை."

"இப்ப?"

"பெருவிரலுக்குக் கீழை. அந்த வெள்ளையிலை."

"இப்ப?"

காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. "தெரியேல்லை," என்றேன்.

"கண்ணைத் திற. வெள்ளையிலை தெரியுது. தடிச்ச இடத்திலைதான் தெரியேல்லை. அந்த வருத்தம் எண்டா மறுவளமாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறியளோ, தெரியுமோ?"

"நினைக்கிறன். நான் வைத்தியன் இல்லை. கையை இதுக்குள்ளை வை."

தேத்தண்ணிக் கடையிலிருந்து வெந்நீர் வாங்கி, பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தார். அரை மணி நேரம் கையை ஊறவிட்டேன். தோல் வெளுத்து, ஊறிய கொப்பறாத் தேங்காய் போல ஆகியது. அவர் பழைய கத்தியால் விரலடியிலிருந்து சீவத் தொடங்கினார். மஞ்சள் சீவல்களாக உதிர்ந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் படை, மூன்றாம் படை. ஒரு கோழி வந்து ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு ஓடியது. "உதைத் திண்டா அதுக்கும் தொண்டை மரத்துப் போகும்," என்றார். நான் அவருடைய கத்தியைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அது அவர் முகத்தில்தான் தெரியும் என்று நினைத்தேன்.

மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. ஒரு இடத்தில் பொட்டு அளவு இரத்தம் கசிந்தது. அவர் படிகாரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்து உள்ளங்கை முழுதும் இழுத்தார்.

முழங்கை வரை எரிந்தது. "அம்மா!" என்று கத்தினேன். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்து," என்றார் அவர். அப்போதுதான் சுருட்டைப் பற்றவைத்தார். "நல்லாக் கத்து. இன்னொருக்கால் பூசட்டோ?"

"பூசுங்கோ," என்றேன்.

அந்த நேரம் பட்டணத்திலிருந்து பஸ் வந்து கடைக்கு முன்னால் நின்றது. நான் எழுந்து அதன் முன்பக்கம் போனேன். எஞ்சின் சூட்டில் பொனற்றின் மேல் காற்று நடுங்கியது. உள்ளங்கையை வைத்தேன். ஒன்று, இரண்டு. மூன்று சொல்ல முடியவில்லை. ஊதிவிட்டு மறுபடியும் வைத்தேன். இரண்டு. அந்தக் கையால் நான் எந்தக் காருக்கும் பொலிஷ் பிடிக்கலாம். அந்தப் பஸ் அரை மணி நேரத்தில் பட்டணத்துக்குத் திரும்பும். ஏறிப் போய், முதலாளிக்கு முன்னால், பூச்சு அண்ணைக்கு முன்னால், எரிந்த அதே பொனற்றில் கையை வைத்துச் சுடுகிறது என்று கத்திக் காட்டவேண்டும். ஊசியையும் குத்தட்டும். பூச்சு போனது போனதுதான். பேணி திரும்பி வரும்.

"என்ன, ஐயா என்ரை பஸ்ஸுக்கு நாடி பாக்கிறாரோ?" என்று டிரைவர் இறங்கி வந்தார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலையில் பத்து எண்ணிச் சிரித்த பிறகு முதல் தடவை.

அவர் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "பட்டணத்திலை ஒரு கதை, கேட்டியளோ? கராச் ஒண்டிலை பொலிஷ் பிடிச்சவனுக்கு அந்த வருத்தமாம். கொதிக்கிற தகட்டிலை கையை வைச்சுக்கொண்டு சிரிச்சவனாம். முதலாளி கராச்செல்லாம் மஞ்சள் தண்ணி தெளிச்சுக் கழுவுறார். பெறக்கிராசியார் அந்தக் காரே வேண்டாமெண்டு வேறை கார் பாக்கிறாராம்."

"ஆள் எங்கை?" என்று யாரோ கேட்டார்.

"ஓடிட்டானாம். இந்தப் பக்கந்தான் நடந்தவனாம்."

என் கை இன்னும் பொனற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. டிரைவரின் கண் அதில் விழுந்தது. புதிதாகச் சீவிய கை, வேப்பந்தளிர் போலச் சிவந்து கிடந்தது. "உவர் ஆர்?" என்றார்.

நான் மரத்தடியைப் பார்த்தேன். இந்த உலகத்தில் என் கைக்குச் சாட்சி சொல்லக்கூடியவர் அந்த ஒருவர்தான். அவர் பழைய கத்தியைக் கோணிக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். இவன்தான் அவன், கையை நான் சீவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால், சனிக்கிழமை காலை அந்த மரத்தடிக்குக் கன்னத்தைக் கொண்டுவர ஊரில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அது எனக்கும் விளங்கியது.

"உவரோ? கொடிகாமத்திலை தேங்காய் உரிக்கிறவர்," என்றார் அவர். "அலவாங்குக் கம்பி வழுக்கிக் கை கிழிஞ்சு போச்சு. மருந்து கட்ட வந்தவர்."

டிரைவர் தேத்தண்ணிக்குத் திரும்பினார். நான் மரத்தடிக்குப் போனேன். அவர் ஒரு பழந்துணியைக் கிழித்து என் கையில் சுற்றினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"பட்டணத்துக்குப் போகப்போறியோ?"

"போகலாமெண்டு நினைச்சனான்."

"கதை உனக்கு முன்னாலை பஸ்ஸிலை வருது, தம்பி. நீ கையைக் காட்டுவாய். அவை கிட்ட வந்தாத்தானே பாப்பினம்?" முடிச்சை இறுக்கினார். "விடிய உப்பளத்துக்கு ஆள் ஏத்துற லொறி வரும். ஏறிப் போ. அங்கை ஒருத்தரும் ஒருத்தரையும் கேக்கமாட்டினம்."

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சந்தைக் கொட்டிலில் படுத்தேன். விடிந்ததும் லொறி வந்தது. பதினைந்து பேர் ஏறினோம். கடல்நீரேரிக் கரையில், வெள்ளையாகக் கண்ணைக் குத்தும் உப்புப் பாத்திகளுக்கு முன்னால் இறக்கினார்கள். கங்காணி வரிசையாக ஆட்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"கையைக் காட்டு."

துணியை அவிழ்த்துக் காட்டினேன். விரலால் உள்ளங்கையை அழுத்தினார். நான் பல்லைக் கடித்தேன்.

"உது என்ன கை? கந்தோரிலை எழுதினவன்ரை கை மாதிரிக் கிடக்குது. இஞ்சை உப்பு எரிக்கும். மத்தியானம் வந்து அழக்கூடாது."

"அழமாட்டன், ஐயா."

கூடையைத் தந்தார். பாத்திக்குள் இறங்கி, வாரிக் குவித்திருந்த ஈர உப்பைக் கையால் அள்ளி நிரப்பினேன். முதல் பிடியிலேயே சுரீரென்று தோள் வரை ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. கூடையைத் தலையில் வைத்து மேட்டுக்கு நடந்தேன். உப்புநீர் கை வழியே ஒழுகிக்கொண்டே வந்தது. கொட்டிவிட்டு இரண்டாவது கூடைக்கு இறங்கினேன். துணியை மறுபடி சுற்றவில்லை.